இடது கதவு புல்லோரம்: கரீபியத் தீவுகளில் வாடகைக் கார் ஓட்டுவது பற்றிய கேள்வி பதில்

விடுமுறைக் காலம் நெருங்குவதால் இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் ஒரே பொருளைப் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, கரீபியத் தீவுகளில் இடப்புறமாகக் கார் ஓட்டுவது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் மதுரையில் கார் ஓட்டக் கற்று ஆறு ஆண்டுகள் அங்கே ஓட்டியவன், பதினான்கு ஆண்டுகளாக நியூஜெர்சியில் ஓட்டுகிறேன். என் மனைவி அமெரிக்காவில்தான் கற்றுக்கொண்டார். டிசம்பரில் குழந்தைகளுடன் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் தீவுகளுக்குப் போகிறோம். இடப்புறம் ஓட்டுவது எனக்குப் பழகியதுதானே என்று நான் சொன்னால், அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்கிறார் மனைவி. யார் ஓட்டுவது நல்லது? (வாசகர், எடிசன்)

பதில்: உங்கள் மனைவியே ஓட்டட்டும். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் போகும் இரண்டு தீவுகளும் அமெரிக்க வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவை. அங்கே வாடகைக்குக் கிடைக்கும் கார்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவை என்பதால் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். வண்டி ஓடுவதும் சாலையின் இடப்புறம்தான். மதுரையில் ஸ்டீயரிங் வலப்பக்கம், ஓடுவது இடப்புறம். நியூஜெர்சியில் ஸ்டீயரிங் இடப்பக்கம், ஓடுவது வலப்புறம். இரண்டு ஊர்களும் ஒன்றுக்கொன்று நேர்மாறு என்று தோன்றினாலும், ஓட்டுகிறவர் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பார் என்பது இரண்டுக்கும் பொது. இருபது ஆண்டுகளாக உங்கள் உடம்பு கற்று வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான். செயின்ட் தாமஸில் அது பொய்த்துப்போகிறது. அங்கே உங்கள் தோள் நடுக்கோட்டை ஒட்டியிருந்தால் நீங்கள் தவறான பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

எனவே இருக்கையை நம்பாதீர்கள். சாலையின் ஓரத்தை நம்புங்கள். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் காரின் இடது கதவு புல்லோரமாகப் போக வேண்டும். செயின்ட் தாமஸில் அது உங்கள் கதவு. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும் பார்படோஸில் அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கதவு. இந்த ஒரு வரியை ஒரு தாளில் எழுதி முகப்புப் பலகையில் ஒட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் ஒட்டியிருந்தேன்; ஆனால் இரண்டாம் நாள் காலையில், இனி தேவையில்லை என்று கிழித்து எறிந்துவிட்டேன்.

அன்று மத்தியானமே அதன் பலன் கிடைத்தது. செயின்ட் ஜான் தீவின் வடகரைச் சாலையில் மாஹோ விரிகுடாவில் குளித்துவிட்டு, ஈரத்துண்டுகளைப் பின்னால் போட்டுக்கொண்டு, மணலில் நிறுத்தியிருந்த காரை எடுத்துச் சாலையில் ஏறினேன். முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. கொஞ்ச தூரத்தில் இடப்புறம் ஒரு கழுதை அசையாமல் நின்றது. அந்தத் தீவில் கழுதைகள் கட்டுத்தறி இல்லாமல் திரிபவை. அதை உரசாமல் லாவகமாகக் கடந்துவிட்டதாக நான் பெருமைப்பட்டுக்கொண்ட நேரத்தில், பின் இருக்கையிலிருந்து என் மகள், "அப்பா, கழுதைதான் சரியான பக்கம் நிக்குது" என்றாள். கரையிலிருந்து ஏறியதிலிருந்தே நான் வலப்புறத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நெரிசலான சாலையில் யாரும் பக்கம் மாறுவதில்லை. முன்னால் போகும் வண்டியே வழிகாட்டிவிடும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில், அதுவும் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதுதான் கை பழைய பக்கத்துக்குப் போகிறது. பெட்ரோல் பங்கை விட்டு வெளியே வரும்போதும், கடற்கரையிலோ உணவகத்திலோ நிறுத்திய வண்டியை எடுக்கும்போதும், ஒற்றை வண்டிக்கு மட்டுமே இடமுள்ள குறுகலைத் தாண்டி மறுபடி அகலமான சாலை வரும்போதும் ஒரு நொடி நின்று, இடது கதவு எங்கே இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நகருங்கள்.

உங்கள் மனைவிக்கு அவருடைய அன்றாடக் காரின் அமைப்பே அங்கும் இருக்கும்; சாலை மட்டும்தான் புதிது. உங்களுக்கும் அப்படித்தான், ஆனால் நீங்கள் மதுரையின் துணிச்சலோடு போகிறீர்கள். பயம் இருப்பவர் நின்று பார்த்துப் புறப்படுவார். நீங்கள் லாரி கிளீனர் வேலையைப் பாருங்கள். நடுக்கோட்டை ஒட்டி உட்காரப்போவது நீங்கள்தான் என்பதால் எதிரே வருவது முதலில் உங்கள் கண்ணில்தான் படும். வழி சொல்வதும் உங்கள் பொறுப்பாகவே இருக்கட்டும். கைபேசியின் வழிகாட்டிக் குரல் திரும்பச் சொல்லுமே தவிர, திரும்பிய பின் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று சொல்லாது. முன்னால் போகும் வண்டியை முந்துவதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். இடப்பக்க ஸ்டீயரிங்கிலிருந்து, முன்னால் போகும் வண்டியைத் தாண்டி எதிரே பார்க்கவே முடியாது.

சாலைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. செயின்ட் தாமஸ் முழுக்க மலை. சார்லட் அமலீ நகரத்திலிருந்து மேகன்ஸ் விரிகுடாவுக்குப் போகும் சாலை செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக இறங்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு முறை ஹாரன் அடிப்பது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. நகரத்தில் மணிக்கு 20 மைல், வெளியே பெரும்பாலும் 35 மைல். வளைவுகளைப் பார்த்தால் அதுவே அதிகம் என்று தோன்றும். 'சஃபாரி' என்று அழைக்கப்படும், பின்புறம் பெஞ்சு போட்ட திறந்த டாக்சிகள் ஆள் ஏற்ற எந்த இடத்திலும் நிற்கும். அவற்றின் பின்னால் இடைவெளி விட்டே போங்கள். செயின்ட் ஜானுக்கு விமான நிலையம் இல்லாததால், ரெட் ஹுக் துறையிலிருந்து கார் ஏற்றும் படகில்தான் வண்டியைக் கொண்டுபோக முடியும். அதில் காரைப் பின்னோக்கி ஓட்டி ஏற்றச் சொல்வார்கள். படகுக்காரர் காட்டும் கைச்சைகையை மட்டும் பார்த்தபடி சரிவில் ரிவர்ஸ் எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வேண்டுமானால் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மதுரையில் கற்றது அங்கே உதவும். வண்டியை வேறு தீவுக்குக் கொண்டுபோகச் சில வாடகை ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை என்பதால், கையெழுத்திடும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் கொடி பறக்கும் இடத்தில் ஏன் இடப்புறம் ஓட்டுகிறார்கள்? (வாசகி, சேலம்)

பதில்: அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட நிலங்களில் இடப்புறம் ஓட்டும் ஒரே இடம் அதுதான். இந்தத் தீவுகளை 1917ஆம் ஆண்டு டென்மார்க்கிடமிருந்து 2.5 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா வாங்கியது. அதற்கு முன்பே அங்கே இடப்புறப் பழக்கம் ஊறிப்போயிருந்தது; புது எஜமானர்கள் அதை மாற்றவில்லை. கொடி மாறியதைக் கழுதைகளுக்கு எடுத்துச் சொல்ல முடியவில்லை என்று டாக்சிக்காரர்கள் சொல்லும் கதையை நான் வரலாறாக ஏற்கவில்லை. ஆனாலும் மாஹோ விரிகுடாவில் பட்ட பாட்டுக்குப் பிறகு அதை மறுத்துப் பேசும் தகுதி எனக்கு இல்லை.

கேள்வி: டொரண்டோவில் இருபது வருடமாக வாகனம் ஓட்டுகிறேன். வேறெங்கும் ஓட்டியது இல்லை. பார்படோஸில் ஒரு கிழமை தங்கி வாடகைக் கார் எடுக்க விரும்புகிறோம். வட்டச்சந்திகள் நிறைய என்று கேள்விப்பட்டேன். அவற்றை எப்படிச் சமாளிப்பது? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: வட்டச்சந்தியைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை, கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அது ஏற்கனவே தெரியும். இடப்புறம் ஓட்டும் ஊரில் வட்டச்சந்தியைக் கடிகாரமுள் சுற்றும் திசையில், நடுத்திட்டை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும். சந்நிதியை வலம் வருவதும் இப்படித்தான். நாம் முறைமாறிச் சுற்றிக்கொண்டிருப்பது கனடாவில்தான்! பார்படோஸ் விமான நிலையத்திலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் ஏபிசி நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து வட்டச்சந்திகள் வரும். அவற்றில் ஒன்றின் நடுவே, அறுத்தெறிந்த சங்கிலியோடு இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் ஒரு சிலை உண்டு. 1985இல் நிறுவப்பட்ட விடுதலைச் சிலை அது; 1816இல் நடந்த அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய புஸ்ஸாவின் பெயரால்தான் ஊரார் அதை அழைக்கிறார்கள். புஸ்ஸாவை வலம் வருகிறோம் என்று நினைத்துக்கொண்டால் திசை தவறாது. உள்ளே நுழையும் முன் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுங்கள். ஏற்கனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. வெளியேறும் வழியைத் தவறவிட்டால் இன்னொரு சுற்று வாருங்கள்; அதற்கு அபராதம் கிடையாது.

சாதாரணச் சந்திகளில்தான் கவனம் அதிகம் வேண்டும். கனடாவில் வலது திருப்பம் ஓரத்தோடு முடிந்துவிடும், இடது திருப்பம் எதிரே வரும் வண்டிகளை ஊடறுக்கும். பார்படோஸில் இது தலைகீழ். இடம் சிறுக்க, வலம் பெருக்க என்று நான் சொல்லிக்கொள்வேன்: இடப்பக்கம் திரும்பும்போது ஓரத்தை ஒட்டிச் சிறிதாகத் திரும்ப வேண்டும், வலப்பக்கம் திரும்பும்போது எதிர்ச்சாலையின் வாயைக் கடந்து பெரிதாகத் திரும்ப வேண்டும். நடந்து சாலையைக் கடக்கும்போதும் முதலில் வலப்பக்கம் பாருங்கள். காரை நிறுத்திவிட்டு இறங்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

பார்படோஸில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும். வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானிய வகை என்பதால் இண்டிகேட்டர் குச்சி வலக்கைப் பக்கமும் வைப்பர் குச்சி இடக்கைப் பக்கமும் இருக்கும். முதல் நாள் ஒவ்வொரு சந்தியிலும் கொளுத்தும் வெயிலில் உங்கள் வைப்பர் வறட்டு வறட்டென்று கண்ணாடியைத் துடைக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அது பழகிய காட்சி. போதாததற்கு, வாடகைக் கார்களின் எண் பலகை 'எச்' என்ற எழுத்தில் தொடங்குவதால், நீங்கள் விருந்தாளி என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். இந்தத் தெரிதல் உங்களுக்கு நன்மையே.

அதைவிடச் செலவு வைக்கும் பிழை வேறொன்று. இருபது வருடமாக இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவர் வலப்பக்கம் மாறி உட்கார்ந்ததும், தமக்கு இடப்பக்கம் இன்னும் ஒரு முழு இருக்கையின் அகலத்துக்கு வண்டி இருக்கிறது என்பதை மறந்து, தம்மையறியாமல் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டே போவார். கரும்புக் காடுகளுக்கு நடுவே பத்ஷீபா பக்கம் போகும் சாலைகள் குறுகலானவை. தார் முடிகிற இடத்தில் சில சமயம் நேரே பள்ளம்தான். முதலில் போவது இடதுபக்கக் கண்ணாடி, அடுத்தது இடது முன் டயர். கிளம்பும் முன் ஒரு வெற்று நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் ஓட்டி, ஒரு வெள்ளைக்கோட்டின் மேல் இடது சக்கரம் ஏறும்படி வண்டியை நிறுத்தி, அப்போது அந்தக் கோடு முன்கண்ணாடியில் எந்த இடத்தில் தெரிகிறது என்று பார்த்துவையுங்கள். கியர் மாற்றும் வண்டி வாடகை குறைவு என்று ஆசை காட்டினாலும், ஆட்டோமேட்டிக்கே கேளுங்கள். இடக்கையால் கியர் போடப் பழகுவதற்கு விடுமுறை ஏற்ற காலம் இல்லை.

இன்னொரு நுட்பம் உண்டு. பார்படோஸில் எதிரே வருபவர் விளக்கை மினுக்கினால், "நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன்" என்று பொருள். நம் ஊர் நெடுஞ்சாலையில் அதே மினுக்கலுக்கு "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். சென்னையிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் இந்த வேறுபாடு தெரியாமல், மரியாதையாக வழிவிட்ட ஒரு பேருந்து ஓட்டுநருக்கு எதிரே தாமும் நின்று பதிலுக்கு மினுக்க, இருவரும் ஒரு பாலத்தின் இரு முனைகளிலும் வெகுநேரம் ஒருவருக்கொருவர் மினுக்கிக்கொண்டிருந்தார்கள். வழி கிடைத்ததும் சின்னதாக ஒரு ஹாரன் அடித்து நன்றி சொல்வது அங்கே வழக்கம்.

வேகம் கிலோமீட்டர் கணக்கில்தான், கனடாவைப் போலவே: ஏபிசி நெடுஞ்சாலையில் 80, மற்றச் சாலைகளில் பெரும்பாலும் 60. ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே இருட்டிவிடுவதால், பிற்பகல் விமானத்தில் இறங்குபவர் முதல் நாள் டாக்சியில் விடுதிக்குப் போய், மறுநாள் காலை காரை எடுப்பதே என் யோசனை.

கேள்வி: தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமத்தோடு அங்கே வாடகைக் கார் எடுக்க முடியுமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: முடியும், ஆனால் தீவுக்குத் தீவு விதி வேறு. பார்படோஸ் போன்ற இடங்களில் சொந்த நாட்டு உரிமத்தோடு, வருகையாளருக்கான தற்காலிக அனுமதியும் வாங்க வேண்டும்; அதைக் கார் வாடகைக்கு விடும் நிறுவனமே கவுண்ட்டரில் எழுதிக்கொடுத்துவிடும். எதற்கும் புறப்படும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அது உங்கள் உரிமத்துக்குத் துணை ஆவணம்தானே தவிர மாற்று அல்ல. அசல் உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு அதை மட்டும் நீட்டினால் கார் கிடைக்காது. வலப்பக்க ஸ்டீயரிங், இடப்புறச் சாலை, வலம்சுற்றும் ரவுண்டானா எல்லாம் உங்களுக்குப் பழகியவை என்பதால் பார்படோஸிலோ ஜமைக்காவிலோ நீங்கள் சிரமப்படப் போவதில்லை. விளக்கு மினுக்கலை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் அமெரிக்கக் கார் காப்பீடு கரீபியத் தீவுகளில் செல்லுமா? கடன் அட்டை நிறுவனமும் காப்பீடு தருவதாகச் சொல்கிறது. கவுண்ட்டரில் விற்கும் காப்பீட்டை வாங்க வேண்டுமா? (வாசகி, ஹூஸ்டன்)

பதில்: அமெரிக்கத் தனிநபர் கார் காப்பீட்டின் வழக்கமான எல்லை அமெரிக்கா, அதன் ஆட்சிப் பகுதிகள், கனடா ஆகியவற்றோடு முடிகிறது. ஆகவே வர்ஜின் தீவுகளில் பெரும்பாலும் செல்லும். ஜமைக்காவிலோ பார்படோஸிலோ செல்லாது. கடன் அட்டைக் காப்பீட்டில் விலக்கப்பட்ட நாடுகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். பல அட்டைகளின் பட்டியலில் ஜமைக்கா இடம்பெறுகிறது. இருவரிடமும் நாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் கவுண்ட்டரில் விற்பதை வாங்கிவிடலாம். அதிலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி மூன்றும் சேருமா என்று தனியாகக் கேளுங்கள். குழிகளும் ஓரப் பள்ளங்களும் நிறைந்த சாலைகளில் அடிபடுவது அவைதான். வண்டியை எடுக்கும்போது நான்கு சக்கர விளிம்புகளையும் வெளிச்சத்தில் படம் பிடித்துவையுங்கள். என்னிடம் ஒரு நிறுவனம் பழைய கீறலுக்குப் பணம் கேட்டபோது, முதல் நாள் எடுத்த படம்தான் காப்பாற்றியது.

கேள்வி: குவாதலூப் தீவில் நம் முன்னோர் கட்டிய கோயிலைப் பார்த்துவிட்டு, டொமினிக்காவுக்கும் போக நினைக்கிறோம். இரண்டிலும் இடப்புறம்தானா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவுகளில் இடப்புறம், பிரெஞ்சு, டச்சு, ஸ்பானியத் தீவுகளில் வலப்புறம் என்று பொதுவாக நினைவில் வைக்கலாம். குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்சின் பகுதிகள் என்பதால் வலப்புறம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டொமினிக்காவில் இடப்புறம். மார்ட்டினிக்கைத் தாண்டித் தெற்கே செயின்ட் லூசியாவில் மறுபடி இடப்புறம். இதற்கிடையே டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு, பின்னதில் வலப்புறம். பெயரைப் பார்த்து விமானச் சீட்டையே மாற்றி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

1854 முதல் நம் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் குவாதலூப்புக்குக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் வழிபடும் சாங்கி கோயில், காபெஸ்டர் பெல்லோ ஊரில் நெடுஞ்சாலை ஓரமாகவே இருக்கிறது; காரில் போவது எளிது. கோயிலுக்குள் வலம் வந்துவிட்டு வெளியே வந்ததும், வட்டச்சந்தியை எதிர்த்திசையில் சுற்ற வேண்டியிருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தீவுகளுக்கு இடையே பயணிகள் படகு உண்டு. வாடகைக் காரை அதில் கொண்டுபோக முடியாது. குவாதலூப்பில் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டொமினிக்காவின் ரோசோ துறையில் இறங்கிய அன்றே அடுத்த காரை எடுக்காமல், ஒரு நாள் நடந்தோ டாக்சியிலோ சுற்றுங்கள். டொமினிக்காவின் மலைச் சாலைகளில் ஓரத்தில் ஆழமான மழைநீர்க் கால்வாய்கள் உண்டு. பக்கம் மாறிய குழப்பத்தோடு அங்கே ஏறுவது நல்லதல்ல.

கேள்வி: ஒரு வாரம் இடப்புறம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியதும் மறுபடி தடுமாற்றம் வருமா? (வாசகர், சார்லட்)

பதில்: வரும், ஒரே ஒரு முறை. நள்ளிரவு விமானத்தில் இறங்கி, விமான நிலைய நிறுத்துமிடத்தில் நம் சொந்தக் காரை எடுத்து வெளியேறும்போது. நான் பணம் செலுத்தும் வாயிலைத் தாண்டியதும் அனிச்சையாக இடப்புறம் ஏறப்போனேன். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்த மகள் கண்ணைத் திறக்காமலே, "இங்கே கழுதை இல்லப்பா, நீங்களே பாத்து ஓட்டுங்க" என்றாள்.